இலை போட்டுக் காக்க வைத்த ஞாயிறு: செய்யூர்ப் பக்கம் ஓர் ஐந்து அறைச் சாப்பாட்டு வீடு (நிகழ்வு ஆய்வு)

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், கல்பாக்கம், பாலாற்றுப் பாலம் எல்லாம் தாண்டிவிட்டால் சவுக்குத் தோப்பும் தென்னையும் தர்ப்பூசணிக் கொல்லையும்தான். செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர் வட்டம். சென்னையிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். பழைய ஓட்டு வீடு ஒன்றைச் சீர்செய்து, நான்கைந்து அறைகளைத் தங்க ஒதுக்கி, கூடத்தில் மேசை போட்டு, பக்கத்துக் கரையில் இறங்கிய மீனையும் பக்கத்து வயல் அரிசியையும் சமைத்துப் போடும் வீடுகள் இந்தப் பக்கம் நன்றாகவே ஓடும். கிழக்கே உப்பங்கழி, தெற்கே மரக்காணம் உப்பளம், மேற்கே மதுராந்தகம் ஏரிப் பாசனம். சமையலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த ஆய்வில் வரும் வீடு ஒரே வீடு அல்ல. இத்தகைய வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பதைச் சேர்த்து ஒரு வீடாக வரைந்திருக்கிறோம். தொகைகளும் ஆள் எண்ணிக்கையும் மாதிரிக் கணக்கு. சமையல் அளவும் நேரமும் அப்படியே பயன்படுத்தத் தக்கவை.

வீடும் ஆட்களும்

ஐந்து அறை, கூடத்தில் 24 இருக்கை. சமையலறையில் தலைமைச் சமையல் ஒரு அம்மா, தோசைக்கல்லுக்கும் வறுவலுக்கும் ஒருவர், அரைக்கவும் நறுக்கவும் இருவர். பரிமாற மூன்று பேர். குழம்புக்கும் சோற்றுக்கும் சவுக்கு விறகு அடுப்பு, மற்றதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர். நின்ற வாக்கில் ஒரு குளிர்பெட்டி, ஒரு டீப் ஃப்ரீசர். ஆழ்துளைக் கிணறு உண்டு, தண்ணீர் கரிக்கும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்.

வாசலில் அழகாக அச்சடித்த மெனு கார்டு. வஞ்சிரம் வறுவல், நண்டு மசாலா, இறால் தொக்கு, நாட்டுக்கோழிக் குழம்பு, மாப்பிள்ளைச் சம்பா சோறு, முருங்கைக்காய் சாம்பார். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை. இந்தக் கார்டுதான் நம் நிகழ்வின் முக்கியப் பாத்திரம்.

அந்த ஞாயிறு

நவம்பர் கடைசி வாரம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. மூன்று நாளாக மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை. வேடந்தாங்கலில் பறவை சேரும் காலம், ஆலம்பரைக் கோட்டைக் கழியில் படகு சவாரி என்று வார இறுதிக்குக் கூட்டம் மட்டும் குறையவில்லை. அறைகளில் 11 பேர். ஞாயிறு மதியத்துக்குத் தொலைபேசியில் இடம் சொன்னவர்கள் 26 பேர். மொத்தம் 37.

கார்டில் வஞ்சிரம் இருக்கிறதே. சனிக்கிழமை சென்னையிலிருந்து வேனில் வரவழைத்தார்கள். தெர்மாகோல் பெட்டியில் மீன் பாதி, ஐஸ் கால்பங்கு. மழை நெரிசலில் வேன் ஊர்ந்து வந்து சேர்ந்தபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது. துண்டு போட்டு டீப் ஃப்ரீசரில் வைத்தார்கள். இரவில் மின்சாரம் போனது. ஃப்ரீசரை இன்வெர்ட்டர் இழுக்கவில்லை. நிரம்பிய ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் ஒரு நாளுக்கு மேல் குளிர் தாங்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘மீன் எப்படி இருக்கு’ என்று திறந்து பார்த்தார்கள்.

காலையில் மழையால் கேன் தண்ணீர் வண்டி வரவில்லை. ஆழ்துளைத் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டார்கள், குக்கரில் எட்டு விசில் விட்டும் பருப்பு மணிமணியாகவே நின்றது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவர்களிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளோடு பிணைந்துகொண்டு அதை இளக விடாது, விசில் கூட்டிப் பயனில்லை. மாப்பிள்ளைச் சம்பாவை முதல்நாள் இரவு ஊற வைக்க ஒருவர் மற்றவரை நம்பினார், இருவருமே வைக்கவில்லை. காலை ஒன்பதரைக்குத்தான் ஊறப் போட்டார்கள்.

12.30, 1.15, 2.00 என்று வரச்சொன்ன மூன்று குழுவும், மழையில் தாமதமாகி, 1.40க்கும் 1.55க்கும் இடையே ஒன்றாக வந்து இறங்கியது. இடம் கொடுக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் இருக்கை இருந்தவரை உட்கார வைத்து இலையைப் போட்டுவிட்டார்கள்.

இலை போட்டபின் ஐம்பது நிமிடம்.

மற்றதெல்லாம் மன்னிக்கப்பட்டிருக்கும். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்துவிட்டு ஆளைக் காக்க வைப்பது நம்மவர் மன்னிக்காத ஒன்று. கல்யாணப் பந்தியில் நடந்தால் சம்பந்தி சண்டை, விடுதியில் நடந்தால் ஒரு நட்சத்திரம். வஞ்சிரம் வந்தபோது மேல் மசாலா உதிர்ந்து, உள்ளே சொதசொதவென்றிருந்தது. சோறு நடுவில் அரிசி. ‘இது இன்னைக்குப் புடிச்ச மீனா?’ என்று ஒரு பெரியவர் கேட்டார். பரிமாறிய பையனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, அது அவன் தப்பில்லை.

எங்கே தப்பியது

அன்று இரவு நடந்த பேச்சில் பழி மீனின் மேலும், கேன் தண்ணீர்க்காரர் மேலும், மின்வாரியத்தின் மேலும் விழுந்தது. மூன்றுமே காரணம் அல்ல. தாழ்வு மண்டலம் வரப்போகிறது என்பது வியாழக்கிழமையே எல்லோருக்கும் தெரியும். கரையில் படகு ஏறிக் கிடப்பது வாசலில் நின்றாலே தெரியும். அப்படியிருந்தும் சனிக்கிழமை வஞ்சிரம் வாங்க ஆள் அனுப்பியது கார்டு. உள்ளூர் விளைச்சலை நம்பி நடத்தும் வீட்டில் விலையோடு கார்டு அச்சடிப்பது, அடுத்த வருடத்து மழைக்கு இன்றே தேதி குறிப்பதைப் போல. கார்டைக் காப்பாற்றப் போய்த்தான் இந்த வீடு நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து மீன் வாங்கியது. கழியில் அன்றும் மடவை மீன் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

வஞ்சிரத்துக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தத் தவறைப் பெரிய ஓட்டல்களும் செய்கின்றன. நம் வெயிலில் மீன் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும், ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ. வடிந்த தண்ணீர் வெளியே போகப் பெட்டியில் ஓட்டை வேண்டும். வீட்டு ஃப்ரீசர் மீனை மெதுவாக உறைய வைக்கும். மெதுவாக உறைந்தால் சதைக்குள் பெரிய பனிப்படிகங்கள் உருவாகி நார்களைக் கிழிக்கும். உருகும்போது நீரெல்லாம் வெளியே வரும். அந்த ஈரத்தின் மேல் மசாலா ஒட்டாது, எண்ணெயில் போட்டதும் சூடு இறங்கிப்போகும், வறுபடுவதற்குப் பதில் மீன் எண்ணெயில் வேகும். அவசரத்துக்கு வெந்நீரில் போட்டு உருக்கினார்கள், அது இன்னும் மோசம். முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் துணியால் ஒற்றி, மசாலா தடவி அரைமணி காற்றில் உலர்த்தியிருந்தால் பாதி மானமாவது தப்பியிருக்கும்.

அன்று வந்தது வஞ்சிரம் என்பதால் சுவையோடு போயிற்று என்று விட்டுவிடவும் முடியாது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம் போன்றவை ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பெடுத்து, தலைவலி வரும். ‘நல்லா வேக வெச்சோமே’ என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேடு இது. பெட்டி திறந்ததும் ஐஸ் இல்லையென்றால் அந்த மீனைத் திருப்பி அனுப்புவது ஒன்றே வழி.

மாலை ஆறு மணி

கார்டை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வந்தது ஒரு கரும்பலகையும் ஒரு தொலைபேசி அழைப்பும். தினமும் மாலை ஆறு மணிக்குக் கரையில் மீன் எடுக்கும் அக்காவுக்குப் பேசுவது.

‘அக்கா, நாளைக்கு என்னா வரும்?’

‘கடல் கலங்கிக் கெடக்குதுப்பா. போட்டு எறங்காது. கழியில மடவை வந்தா நாலஞ்சு கிலோ எடுத்து வெக்கிறேன். நண்ட மட்டும் நம்பாத.’

இந்த இரண்டு வரியில் மறுநாள் சமையல் முடிவாகிவிடும். உடனே கீரை, காய் கொடுக்கும் இரண்டு கொல்லைக்காரர்களுக்குப் பேச்சு. ஆறரைக்குப் பலகையில் ‘நாளை’ என்று எழுதுவார்கள். அறையில் இருப்பவர்களிடமும், மறுநாள் வரப்போகிறவர்களிடம் வாட்ஸ்அப்பிலும் ஒரே கேள்வி: இதுதான் இருக்கிறது, எத்தனை பேர், மீனா கோழியா சைவமா, காரம் குறைக்க வேண்டிய குழந்தைகள் உண்டா? எட்டு மணிக்குக் கணக்கு மூடப்படும். இரவு பத்துக்கு அரிசி ஊறப் போட்டாக வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வைத்த நேரம் இது.

அறைகள் உள்ள வீட்டுக்கு இதில் ஒரு வசதி. நாளை மதியம் சாப்பிடப் போகிறவர்களில் கால்பங்குக்கு மேல் இன்றிரவே கூரையின் கீழ் இருக்கிறார்கள். நகரத்து ஓட்டலுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. நம் வீடு அதைக் கையில் வைத்துக்கொண்டே ஓட்டல் மாதிரி நடந்துகொண்டிருந்தது.

வாங்கும் அளவும் இதனால் பிடிபட்டது. ஆளுக்குச் சுத்தம் செய்த மீன் 150 கிராம் என்றால் 37 பேருக்கு ஐந்தரை கிலோ. முழு மீனைத் தலை, குடல், செதில் போக வெட்டினால் நூற்றுக்கு அறுபது தேறும். ஆகவே ஒன்பது கிலோவுக்குச் சற்று மேல் வாங்க வேண்டும். தலையோடு வாங்கும் இறால் பாதிதான் தேறும். நண்டைக் கிலோக் கணக்கில் நினைக்காமல் ஆளுக்கு ஒன்று என்று எண்ணிக்கையில் நினைப்பது நல்லது. கரையில் கூறு கட்டி வைப்பார்கள், கூற்றின் மேலே பெரியது, அடியில் பொடி. கையை விட்டுக் கிளறிப் பார்க்கத் தயங்கக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பெரிய மீன் அப்போது வராது, வந்தால் வெளி மாநிலத்து ஐஸ் மீன். ஆனால் கரையிலிருந்து இறங்கும் ஃபைபர் படகுகளும் கழியில் வலை வீசுவோரும் தொழிலுக்குப் போவார்கள். நெத்திலி, காரப்பொடி, கிழங்கான், மடவை கிடைக்கும், விலை கூடுதலாக. கோடையில் ஏரி வற்றும்போது கெண்டையும் கெளுத்தியும் வரும், அதிர்ஷ்டமிருந்தால் விரால். வஞ்சிரம் கேட்டு வருகிறவரிடம் காரப்பொடிக் குழம்பை வைத்துவிட்டு இரண்டு நிமிடம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும்.

மடவைக் குழம்பு, இரவிலும் மறுநாள் காலையிலும்

மடவை சேற்றில் மேயும் மீன். மழைவெள்ளம் கழியில் இறங்கிய முதல் சில நாள் சேற்று வாடை இருக்கும். வயிற்றுக்குள் கறுப்புச் சவ்வு ஒன்று உண்டு, அதைக் கல் உப்புப் போட்டுத் தேய்த்து முழுக்க எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கசக்கும். பிடித்ததும் குடலை எடுப்பது முக்கியம். குடலோடு கிடந்தால் எந்தப் புளியும் அந்த வாடையை மறைக்காது.

ஒரு கிலோ மீனுக்கு: நல்லெண்ணெய் 100 மில்லி, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு பதினைந்து பல், தக்காளி 200 கிராம், குழம்பு மிளகாய்த்தூள் மூன்று மேசைக்கரண்டி, புளி 60 கிராம், மரக்காணத்துக் கல் உப்பு. வெந்தயம் சிவக்க வேண்டும், கறுக்கக் கூடாது. வெங்காயம் வதங்கி, தக்காளி கரைந்து, தூளின் பச்சை வாடை போனபின் புளிக்கரைசல். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மிதக்கும் வரை, இருபது இருபத்தைந்து நிமிடம், கொதிக்க விட வேண்டும். அவசரக்காரர்கள் சறுக்குவது இங்கேதான். குழம்பு முழுசாகக் கொதித்து முடிந்தபின்தான் மீன். மீன் போட்டபின் ஏழு நிமிடம் போதும். கரண்டி போடாமல் சட்டியின் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். மண்சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் மீன் முக்கால் வேக்காட்டில் இறக்க வேண்டும், மீதி வேக்காடு அடுப்பை விட்டு இறங்கிய பின்.

மறுநாள் மீன் குழம்புக்கு ஈடு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பணம் வாங்கிக்கொண்டு போடும் வாய்ப்பு அறை வைத்திருக்கும் வீட்டுக்கே அமையும்: சனி இரவுக் குழம்பு, ஞாயிறு காலை இட்லியோடு. ஆனால் வீட்டில் செய்வதுபோல் சட்டியை மூடி அடுப்பங்கரையில் விட்டுவிட முடியாது. 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும், மண்சட்டியோ அந்த இடைவெளியில் மணிக்கணக்கில் நிற்கும். பரிமாறியதும் காலைக்கான பங்கை அகலமான எவர்சில்வர் தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் தள்ள வேண்டும். காலையில் தளதளவென்று கொதிக்க விட்டபின் மறுபடி சட்டிக்கு மாற்றலாம். மீந்ததைத் திரும்ப எடுத்து வைப்பதில்லை. இன்னொரு வழியும் உண்டு: மீன் போடாத குழம்பை மட்டும் இரவில் எடுத்து வைத்து, காலையில் புது மீன் போடுவது. பாதுகாப்பு அதில் கூடுதல், ருசி முன்னதில். இந்த வீடு இரண்டையும் செய்து பார்த்து முன்னதிலேயே நின்றுவிட்டது.

அரிசி

மாப்பிள்ளைச் சம்பா எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். இரவு பத்துக்குப் போட்டு காலை பத்தரைக்கு உலையில் போட்டால், நிறையத் தண்ணீரில் ஐம்பது நிமிடத்தில் வெந்து வடிக்கத் தயாராகும். அன்று நடந்ததுபோல் மூன்று மணி நேர ஊறலில் போட்டால் வெளியே குழையும், நடுவே கல்லாக நிற்கும்.

நல்ல அரிசி என்பதற்காக ஐந்து கைச் சோறும் சிவப்பரிசியாகப் போட்டது இன்னொரு பிழை. சென்னைக்காரர் முதல் கைக்கு ஆசையாகச் சாப்பிடுவார், ரசத்துக்கு வரும்போது வெள்ளைச் சோறு தேடுவார். சிவப்பரிசியில் ரசம் ஊறாது, மேலே ஓடும். இப்போது குழம்புக்கு ஒரு கை மாப்பிள்ளைச் சம்பா, ரசத்துக்கும் மோருக்கும் தூயமல்லி என்ற வெள்ளை அரிசி. ஆளுக்கு மொத்தம் 125 கிராம் அரிசி, அதில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பு. குப்பைத் தொட்டிக்குப் போகும் சோறு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

பட்டை தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், தவிட்டிலுள்ள எண்ணெய் கெடுவதால். அதனால் மூட்டையாக அரிசி வாங்குவதை விட்டு, நெல்லாக வாங்கி வைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைத்துக்கொள்கிறார்கள். தை அறுவடைப் புது நெல்லை உடனே போட்டால் சோறு களியாகும். ஆறு மாதம் பழகட்டும்.

காய்கறியில் பேரம்

கத்தரி, வெண்டை, மரவள்ளி, கீரை எல்லாம் கூப்பிடு தூரத்தில் விளைகிறது. ஆனாலும் நவம்பரில் இந்த வீடு கோயம்பேட்டிலிருந்து காய் வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கொல்லைக் கத்தரி விடியற்காலையில் கோயம்பேடு போய், அங்கிருந்து அதே சாலையில் திரும்பி வந்திருக்கவும் கூடும். காரணம், கொல்லைக்காரரிடம் தினமும் சந்தை விலைக்குப் பேரம் பேசியது. சந்தை ஏறினால் அவர் லாரிக்குக் கொடுப்பார், இறங்கினால் இவர் வாங்கத் தயங்குவார். நம்பிக்கை எங்கிருந்து வரும்?

இப்போது இரண்டு கொல்லையோடு ஏற்பாடு. பருவம் முழுக்க ஒரே விலை, வாரத்துக்கு இத்தனை கிலோ கட்டாயம் எடுப்போம் என்ற வாக்கு. சந்தை படுத்த வாரம் வீட்டுக்கு நஷ்டம், எகிறிய வாரம் லாபம். என்ன காய் என்பதைக் கொல்லை முடிவு செய்யும். மார்கழி தையில் அவரையும் மொச்சையும் பனங்கிழங்கும். பங்குனியில் கொடுக்காப்புளி, கோடையில் முருங்கை, மாங்காய், நுங்கு. முருங்கைக்காய் சாம்பாரை நவம்பரில் கார்டில் போட்டிருந்தார்களே, அப்போது முருங்கை காய்ப்பு ஓய்ந்து விலை தலைக்கு மேல் போகும் மாதம். வேர்க்கடலை மட்டும் எப்போதும் உண்டு, தெற்கே திண்டிவனம் பக்கம் போனால் மல்லாட்டை என்பார்கள். வறுத்து, பூண்டு வைத்து அரைத்த துவையல், வறுவல் தாமதமாகும் நாளில் இலையில் பெரிய கைகொடுக்கும் பண்டம்.

நாட்டுக்கோழி இருக்கிறதா என்ற கேள்விக்குப் பலகை நேர்மையாகப் பதில் சொல்கிறது. ஊரில் மேய்ந்த கோழி வேக ஒரு மணி நேரம் ஆகும், முதல்நாள் சொன்னால்தான் உண்டு. அரைமணியில் வேகும் கோழி பண்ணைக் கோழி. அதைப் ‘பண்ணை நாட்டுக்கோழி’ என்றே எழுதுகிறார்கள். பிரியாணி கிடையாது. ஞாயிறு மதியம் சென்னைக்காரர் கைலாயத்துக்குப் போனாலும் பிரியாணி கேட்பார், அதற்கு இணங்க ஆரம்பித்தால் சோறு, குழம்பு எல்லாம் ஓரங்கட்டப்பட்டுவிடும்.

தண்ணீர், மின்சாரம், புகை

பருப்புக்கும் காப்பிக்கும் மழைநீர். கூரை நீரைப் பிடிக்கும் தொட்டி ஏற்கெனவே இருந்தது, தமிழ்நாட்டில் 2003இலேயே மழைநீர் சேமிப்பு கட்டாயமாயிற்றே. குழாய் மட்டும் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வடிகட்டி வைத்துச் சமையலறைக்குத் திருப்பினார்கள், கொதிக்க வைத்தே பயன்படுத்துகிறார்கள். கேன் தண்ணீர் மூன்று நாளுக்கு இருப்பு. ஃப்ரீசருக்கு மீன் வேலை இல்லாமல் போனதால் அதில் இப்போது ஐஸ் கட்டிகள், மின்சாரம் போனால் குளிர்பெட்டிக்குள் மாற்ற.

விறகுப் புகை அறைக்குள் போகிறது என்ற பழைய குறைக்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. நண்பகல் முதல் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும், அடுப்பு கிழக்கே, அறைகள் மேற்கே. அடுப்பை மேற்கு மூலைக்கு மாற்றினார்கள். காலையில் நிலக்காற்று எதிர்ப்பக்கம் வீசுவதால் காலை உணவு முழுக்க கேஸில்.

நேரம்

மூன்று குழு இரண்டாயிற்று: 12.30, 2.15. ஒவ்வொன்றும் 18 பேர், இருக்கை 24 இருந்தாலும். மீதி ஆறு இருக்கை தாமதமாக வருகிறவர்களுக்கு. வந்தவருக்கு முதலில் திண்ணையில் பானகமோ மோரோ, கூடவே வேகவைத்த கடலை. சோறும் குழம்பும் ரசமும் பரிமாறும் மேடைக்கு வந்தபின்தான் இலை. இலை விழுந்தால் மூன்று நிமிடத்தில் சோறு விழ வேண்டும் என்பது விதி. வறுவல் மட்டும் பின்னால் வரலாம்.

காலை நேரத்துக்கும் இதே கணக்கு. அறைகளில் 12 பேர், ஆளுக்கு மூன்று தோசை என்றால் 36. கல்லில் ஒரே ஈட்டில் நான்கு, ஈட்டுக்கு இரண்டரை நிமிடம். ஒன்பது ஈடு, இருபத்துமூன்று நிமிடம். எல்லோரும் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் கடைசி ஆள் பசியோடு பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் இட்லி முதலில், தோசை கேட்பவருக்கு. மாவு மே மாதம் ஆறு மணி நேரத்தில் பொங்கும், மார்கழியில் பன்னிரண்டு ஆனாலும் அசையாது. அரைக்கும் நேரத்தை மாதத்துக்கு மாதம் மாற்றவில்லையென்றால் கல் போன்ற இட்லிக்குக் குளிரைப் பழிப்பதுதான் மிச்சம்.

விலையும் வரியும்

மீன் கிலோ 400 ரூபாய், அறுபது பங்கு தேறினால் சுத்தம் செய்த மீன் கிலோ 667. ஆளுக்கு 150 கிராம் என்றால் 100 ரூபாய். கார்டு இருந்தபோது 400க்கு வாங்கினாலும் 700க்கு வாங்கினாலும் ஒரே விலைக்கு விற்றார்கள். இப்போது சாப்பாட்டுக்கு ஒரு நிலையான விலை, மீனுக்கு அன்றைய விலை தனியாகப் பலகையில். சாமான் செலவு விலையில் மூன்றில் ஒன்று என்பது ஓட்டல் தொழிலின் பழைய கணக்கு. சின்னக் கூடம், உள்ளூர்ச் சாமான் என்றால் அது நாற்பது சதவீதத்தைத் தொடும், அறை வாடகைதான் அதைச் சமன் செய்கிறது.

வரியில் ஒரு பொறி. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. சாப்பாட்டுக்குப் பொதுவாக 5. ஆனால் முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை 7,500க்கு மேல் விட்டிருந்தால், 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அங்குள்ள சாப்பாட்டுக்கும் 18 சதவீதம். புத்தாண்டு இரவுக்கு ஓர் அறையை 8,000க்குக் கொடுத்துவிட்டு, அடுத்த நிதியாண்டு முழுவதும் இட்லிக்கு 18 சதவீதம் போட வேண்டி வரும். விலையை ஏற்றுவதற்கு முன் கணக்கரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பிட வருகிறவர்களுக்கு

இத்தகைய வீட்டில் மிகச் சிறந்த சாப்பாடு சனிக்கிழமை இரவு, அடுத்து ஞாயிறு காலை. மிக மோசமானது ஞாயிறு ஒன்றே முக்கால் மணி. நகரத்தில் பாதிப் பேர் அந்த ஒன்றே முக்காலைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இடம் சொல்லும்போது ‘வஞ்சிரம் இருக்கா’ என்று கேட்காமல் ‘நாளைக்கு என்ன வருது’ என்று கேட்டால் எதிர்முனையில் குரலே மாறும். எல்லாம் இருக்கிறது என்று எந்த நாளும் பதில் வருகிற வீட்டில் ஃப்ரீசர் பெரியது என்று பொருள்.

இன்னும் தீராதது

சொல்லாமல் வந்து நிற்பவர்கள். சாலையோரம் பெயர்ப்பலகை இருக்கும் வரை வருவார்கள், குழந்தை பசியோடு இருக்கும், இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அவர்களுக்காக நாலு பேருக்கான சோறும் ரசமும் அப்பளமும் துவையலும் எப்போதும் கூடுதலாக ஆகிறது. மீன் கிடையாது. சிலர் சிரித்துக்கொண்டே உட்காருகிறார்கள், சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள்.

இன்னொன்று தலைமைச் சமையல்கார அம்மா. ஆடியில் அவர் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் வாரம் வரமாட்டார். முதல் வருடம் அளவையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு மற்றவர்களை வைத்துச் சமைத்தார்கள். அளவு சரியாகத்தான் இருந்தது. எண்ணெய் பிரிவதற்குள் மீனைப் போட்டுவிட்டார்கள். அதன்பின் அந்த வாரம் அறை கொடுப்பதில்லை. வெள்ளையடிப்பும் ஓடு மாற்றுவதும் அப்போதுதான் நடக்கிறது.